நாப்பத்துநாலு பென்சில் கோடு

எழுதிக்கிருங்க தாயி, தாராளமா எழுதிக்கிருங்க. பெயர் சுருளிவேல். தகப்பனார் பெயர் கர்ணன். வயது அறுபத்துநாலு பூர்த்தி. வாசம் உத்தமபாளையம். திராட்சைக் கமிசன் கடையில முப்பத்தோரு வருசம் எடை போட்டு ஓய்வு. மூணாங்கிளாசோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுட்டு, மளிகைப் பொட்டலத்தைப் பிரிச்சுப் பிரிச்சு வாசிச்சே தமிழ் கத்தவன். அப்பேர்ப்பட்டவன் வாடகைப் பொஸ்தகத்துல கோடு போடலாமாங்கிறீக. போட்டேன், மறுக்கல. நாப்பத்துநாலு இடம். நீங்க எண்ணுனது சரிதான்.

ஆனா ஒண்ணு. நூல் சிறப்பா இருக்குன்னு கோடு போட்டதா மட்டும் நினைச்சிராதீக. எனக்கு அவமானம். கைருன்னிசா லெண்டிங் லைப்ரரின்னு வெளியில அம்புட்டுப் பெருசா போர்டு மாட்டிட்டு, உள்ள இந்தச் சரக்கையா அலமாரியில வைக்கிறது? சிறுத்தை வீட்டு மாப்பிள்ளை! தலைப்பைப் பாருங்க. அக்கா தங்கச்சி மூணு பேராம். கோவம் வந்தா மூத்தவ சிறுத்தையா மாறுவாளாம், நடுவுலவ கரடியாம், கடைக்குட்டி கீரியாம். பொண்ணு பாக்க வந்த சர்வேயர் அந்தச் சிறுத்தை மேலயே ஆசைப்பட்டு அலையுறானாம். நான் கேக்குறேன், சிறுத்தையா மாறும்போது கட்டியிருந்த சீலை எங்க போகுது? திரும்பப் பொம்பளையாகும்போது அதே சீலை, அதே மடிப்பு, தலையில வச்ச பூக்கூட வாடல. எப்படி? இருநூத்திப் பன்னெண்டு பக்கத்துல நூலாசிரியர் ஒரு வரி விளக்கியிருக்காரா? தேவாரத்து மலையடிவாரத்துல சிறுத்தையை நேருக்கு நேர் பாத்தவன் நான். அது ஆம்பளையைப் பாத்துக் கண்ணடிக்காது தாயி.

முப்பத்தேழாம் பக்கத்துல நடுவுலவ கரடியா உக்காந்து, முதுகைச் சொறிஞ்சுக்கிட்டே, எத்தனை பவுன் எதிர்பாக்குறீகன்னு மாமியாகாரிகிட்ட விசாரிக்கிறா. அறுபத்தொண்ணுல புரோக்கர் குடையை விரிச்சா உள்ளயிருந்து கீரி குதிக்குது. தொண்ணூத்திநாலுல கல்யாணம். சிறுத்தைக் கழுத்துக்குத் தாலிக்கயிறு எட்டலைன்னு மாட்டுக் கயித்தை ஒட்டுப்போட்டு மூணு முடிச்சு போடுறான். ஐயரு மரத்து மேல இருந்து மந்திரம் சொல்றாரு. இதை இலக்கியம்னு சொன்னா, வாசிக்கத் தெரிஞ்சவுக வாயால சிரிக்க மாட்டாக.

என்ன சிரிக்கிறீக? பொஸ்தகத்தைப் பாக்காமலே பக்கம் சொல்றேனாக்கும். ஆமா, பதினாலு தடவை எடுத்திருக்கேன். நோட்டைத் திருப்பிக் காட்ட வேண்டாம். ஒரு நூலைத் தூக்கி எறியணும்னா முதல்ல அதைக் கசடறக் கத்திருக்கணும்ல?

என்னது? குத்தம் கண்டுபிடிக்கிறவன் ஏன் சிகப்பு மையில எழுதல, ஏன் சிரிப்பு வர்ற இடமாப் பாத்து மெல்லிசாக் கோடு இழுத்திருக்கேன்னா? வெவரமான ஆளுதான்.

சிகப்பு மையில எழுதுனது வேற பிரதி தாயி. அது என் சம்சாரத்தோடது. இருளம்மாள்னு பேரு. அறிவொளி வகுப்புல சேந்து, ஐம்பது வயசுக்கு மேல எழுத்துக்கூட்டிப் படிச்சவ. அவ முழுசா வாசிச்ச மொதப் பொஸ்தகம் இந்தக் குப்பைதான். மத்தியானம் வேலை முடிஞ்சதும் விரல் வச்சு வச்சு, சத்தம் போட்டு வாசிப்பா. சிரிப்பு வந்த இடத்துல ஓரமா ஒரு பென்சில் கோடு. முடிஞ்சா மறுபடி மொதல்லருந்து. நான் வாழுற வீட்டுல இப்படியொரு நூலான்னு, அவ சந்தைக்குப் போன நேரம், அந்தக் கோடு பூராத்தையும் ரப்பரால அழிச்சேன். அழிச்சு, நூத்திப் பன்னெண்டு பிழையைச் சிகப்பு மையில திருத்தி, மொதப் பக்கத்துல படிக்கத் தகாதது, இப்படிக்கு சுருளிவேல்னு கையெழுத்தும் போட்டேன்.

வந்தா. பாத்தா. பாராட்டி ஒரு வார்த்தை சொல்லுவான்னு உக்காந்திருக்கேன் நான், பாத்துக்கங்க. பொஸ்தகத்தை என் மடியில வச்சா. இனி இது உங்க பொஸ்தகம், நீங்களே வச்சுக்கங்கன்னுட்டு மயிலாடும்பாறைக்கு பஸ் ஏறிட்டா, அவ தம்பி வீரபாண்டி வீட்டுக்கு. சிறுத்தையா மாறல, அவ்வளவுதான். மரத்துல ஏறாத குறை எனக்கு.

எட்டு மாசமாச்சு. அஞ்சு தடவை போயும் வெளிய வந்து முகம் காட்டல. ஆடிப் பெருக்கு அன்னைக்கு ஒரு கார்டு வந்துச்சு. அவ கையால எழுதுன மொதக் கடுதாசி. ரெண்டே வரி. என் பொஸ்தகம் வேணும். கோடு போட்டது போட்டபடி இருந்தா வாறேன்.

மதுரை வரைக்கும் தேடியும் இன்னொரு பிரதி கிடைக்கல, இங்கன உங்ககிட்டத்தான் இருந்துச்சு. கோடு எங்கெங்க இருந்துச்சுன்னு எப்படித் தெரியுமா? அவ வாசிக்கையில உள்ரூமுல குறட்டை விட்டுக்கிட்டுக் கெடந்தேனே, அதுல ஒரு குறட்டைகூட நிசமில்ல. கரடிக்கு எப்படிச் சிரிச்சா, கீரிக்கு எப்படிச் சிரிச்சா, எல்லாம் காதுல இருக்கு. ஒவ்வொரு தடவை எடுத்துட்டுப் போகும்போதும், ஞாபகம் வந்த மூணு நாலு இடத்துல கோடு இழுத்தேன். நாப்பத்துமூணும் அவ சிரிச்ச இடம்.

நாப்பத்துநாலாவதா? நூத்தி எழுபதாம் பக்கம். சர்வேயர் சிறுத்தைகிட்ட மன்னிப்புக் கேக்கப் போயி, மண்டிபோட்டு எல்லாத்தையும் சொல்லி அழுது முடிச்சப்புறம் பாத்தா, அது வேற சிறுத்தை. அதுல அவ சிரிச்சதில்ல. அது நான் சிரிச்சது. கண்டுபிடிச்சிருவா. கண்டுபிடிக்கட்டும்.

எனக்கே குடுத்திர்றீகளா? நிசமாவா தாயி? அப்ப அந்த லைப்ரரி முத்திரையைக் குறுக்க அடிச்சு நீக்கிட்டு, இது இருளம்மாள் பொஸ்தகம்னு நீங்களே எழுதிருங்க. என் பேனா வேண்டாம், அது சிகப்பு. கீழ தேதி போடணும்ல? இன்னைக்கித் தேதியே போடுங்க. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தெட்டு, செப்டம்பர் இருபது, ஞாயித்துக்கிழமை.