முப்பது மீட்டர்

எனக்குக் காப்பி வேண்டாம், இன்ஸ்பெக்டர் மேடம். நாலு மணிக்கு மேல் குடித்தால் நெஞ்சு கரிக்கும். தாளும் பேனாவும் கொடுத்தீர்களே, அதுவே போதும். நான் சொல்லி ஏட்டையா எழுதினால் பாதியை விட்டுவிடுவார். விட்டதை நினைத்து நினைத்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. ஏற்கெனவே ஆறு நாளாக வீட்டுக்குள் நடந்துகொண்டேதான் இருக்கிறேன். பவதாரிணி இறந்ததை விபத்து என்று பதிந்திருக்கிறீர்கள். அதில் ஒரு வரி தப்பு. அந்த நேரத்தில் அக்கம்பக்கத்தில் ஆள் யாரும் இல்லை என்று இருக்கிறது. நான் இருந்தேன்.

பெயர் சூரியபிரகாஷ், வயது முப்பத்தாறு. பசுமலையில் ஒரு தனியார் அறிவியல் மையத்தில், விண்கலம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டருக்கு நான்தான் பொறுப்பு. ஒரு நாற்காலி, மூன்று திரை, கைக்கு ஒன்றாக இரண்டு பிடி. கல்லூரிப் பிள்ளைகள் உட்கார்ந்ததுமே திரையில் தெரிகிற இன்னொரு கலத்தில் போய் முட்டப் பார்ப்பார்கள். நான் கற்றுக்கொடுப்பது வேறு. அந்தக் கலத்துக்கு முப்பது மீட்டர் தள்ளி, அது போகிற போக்கிலேயே கூடப் போக வேண்டும். பார்க்கிறவனுக்குச் சும்மா நிற்பது மாதிரி இருக்கும். ஓட்டுகிறவனுக்கு ஒரு நொடி ஓய்வு கிடையாது. கலம் இந்தப் பக்கம் நழுவும், பிடியில் ஒரு தட்டு. அந்தப் பக்கம் நழுவும், இன்னொரு தட்டு. எனக்கு அந்த வேலை ஒத்துவரும். சின்ன வயதிலிருந்தே கை கால் ஓயாதவன் நான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விண்வெளியில் பூமியைச் சுற்றும்போது, முன்னால் தூரத்தில் போகிற கலத்தைப் பிடிக்க வேகத்தைக் கூட்டினால் நம் பாதை மேலே ஏறி நாம் பின்தங்கிவிடுவோம். குறைத்தால்தான் கிட்டே போக முடியும். பதறாத காரியம் சிதறாது என்று இங்கே சொல்வது அங்கேயும் செல்லும்.

பவதாரிணி அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பெண். அவள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள். இரண்டு வருடத்துக்கு முன்னால் சிமுலேட்டரில் உட்கார்ந்த முதல் நாளே பதினோரு நிமிடம் இடைவெளி குலையாமல் நிறுத்திக் காட்டினாள். நான் நாற்காலிக்குப் பின்னால் நின்று அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே எனக்கு அவள்மேல் ஆசை வந்துவிட்டது. படிப்பு முடிந்ததும் எங்கள் மையத்திலேயே வேலைக்குச் சேர்ந்தாள்.

நான் அவசரப்படவில்லை. ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. சாயங்காலம் அவள் ஸ்கூட்டரில் கிளம்பினால் என் வண்டியில் பின்னால் போவேன். அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் திரும்பிவிடுவேன். போன பொங்கலுக்கு ஜல்லிக்கட்டுக் கூட்டத்திலும் அவள் பின்னால்தான் இருந்தேன்; அத்தனை நெரிசலிலும் தூரம் மாறவில்லை. அவள் நேரத்தை மாற்றிப் பார்த்தாள், நானும் மாற்றினேன். கொஞ்ச நாள் பஸ்ஸில் போனாள், நானும் போனேன். நழுவினால் சரிசெய்ய வேண்டும், வேறென்ன.

போன மாதம் அவள் இயக்குநரிடம் போய்விட்டாள். தமிழ்ச்செல்வி மேடம் எங்கள் இருவரையும் எதிரே உட்கார வைத்தார்.

“போலீசு கீலீசுன்னு போனா இந்த எடத்துக்கே கெட்ட பேரு தம்பி. இனிமே இந்தப் புள்ள பக்கத்துல போக மாட்டேன்னு ஒரு லெட்டரு எழுதிக் குடுத்துருங்க. அம்புட்டுதான்.”

“லெட்டரெல்லாம் எதுக்கு மேடம்?” என்றாள் பவதாரிணி. “எனக்கு ராத்திரியில தூக்கமே இல்ல. இவரு எம் பின்னாடி வராம இருந்தாப் போதும்.”

எவ்வளவு தூரம் என்று எழுதட்டும், மேடம் என்று கேட்டேன். இயக்குநர் சிரித்துவிட்டார். “நீங்களே ஒரு கணக்கு வச்சு எழுதுங்க.” முப்பது மீட்டருக்குள் நெருங்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இயக்குநர் அதைக் கோப்பில் வைத்து, பிரச்சினை தீர்ந்தது என்றார். பவதாரிணி மட்டும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. பின்னால் வரக் கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை.

போன வியாழக்கிழமை ஐந்தரை மணி இருக்கும். சிக்கந்தர்சாவடி தாண்டியதும் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டாள். வேகம் கூட்டினாள், கூட்டினேன். குறைத்தாள், குறைத்தேன். ஒரு டீக்கடையில் நிறுத்தினாள். நான் தள்ளி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். போனில் யாரையோ கூப்பிட்டுப் பார்த்தாள். அவர்கள் எடுக்கவில்லை போலிருக்கிறது. மறுபடி கிளம்பியவள் சட்டென்று பெரியாற்றுக் கால்வாய்க் கரையில் திரும்பினாள். என்னை விட்டுத் தப்பிக்கத்தான் திரும்பினாள். அந்த வழியில் அவள் அதுவரை போனதே இல்லை. பாசனத்துக்குத் தண்ணீர் திறந்திருந்த நேரம். கரையெல்லாம் டிராக்டர் தடம், சேறு. வண்டி வழுக்கியது. அவள் வண்டியோடு கால்வாய்க்குள் போய்விட்டாள்.

வண்டி முழுகிவிட்டது. அவள் முழுகவில்லை. கொஞ்ச தூரம் இழுபட்டு, மதகின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, கரையோரமாக நடந்து போய் நின்றேன். டேப் பிடித்து அளந்தாலும் முப்பது மீட்டருக்கு ஒரு சாண் குறையாது.

எனக்கு நீச்சல் தெரியும். நீங்கள் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன். என் வண்டிப் பெட்டியில் கயிறும் இருந்தது.

எழுதிக்கொடுத்ததை மீறக் கூடாது என்றுதான் நின்றேன் என்று ஆறு நாளாக எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன். அந்தச் சமாதானம் எடுபடவில்லை. அது காரணமில்லை.

“சார், வாங்க சார்” என்று கூப்பிட்டாள். இரண்டு வருடத்தில் அவள் வாயிலிருந்து எனக்கு ‘வாங்க’ என்ற சொல் வந்தது அதுதான் முதல் தடவை. என் கை அடங்கிவிட்டது, கால் அடங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து அப்படி ஓர் அமைதியை நான் அறிந்ததில்லை.

நான்கு தடவை கூப்பிட்டாள். ஐந்தாவது தடவையும் கேட்கலாம் என்று நின்றுகொண்டிருந்தேன்.