ஏழு மாதம் பிட்காத அப்பம்

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூப்பரின் மனைவி பார்பரா அக்கா அவர்களே, தோட்டத்து மண்டபத்தைத் திறந்து கொடுத்த ஆபீஸ் கிராணி விமலன் அவர்களே, ரிங்லெட்டிலிருந்தும் தானா ராத்தாவிலிருந்தும் மழையில் ஏறி வந்த உறவுகளே, எல்லோருக்கும் இந்த ராய்ஸ்டனின் வணக்கம். மூன்று நாளாக யாரும் சரியாகத் தூங்கவில்லை.

இன்று நாம் அடக்கம் செய்யப்போகும் நம் மூப்பர் கிரகரி அவர்கள் யார்? முப்பத்தோரு வருடம் தேயிலைக் கொழுந்து லோரி ஓட்டியவர். அதில் இருபத்திரண்டு வருடம் நமக்கு வேதம் வாசித்தவர். சம்பளம் வாங்கினாரா? இல்லை. அங்கி போட்டாரா? இல்லை. லோரி ஓட்டிய அதே சட்டையோடு வந்து நின்றார்.

வெளியூரார் சிலருக்கு நம் ஜெபக்கூடத்தின் கதை தெரியாது. மண் சரிந்து பாதை அடைபட்ட ஒரு வருடம், டவுன் பாதிரியாரால் மேலே வர முடியவில்லை. கொழுந்து கிள்ளும் வேலம்மா தன் லயத்து வீட்டில் பத்துப் பேரைக் கூட்டி ஜெபம் நடத்தினார். பாதை சரியான பிறகும் அந்தக் கூட்டம் கலையவில்லை. தோட்டத்துத் துரை பழைய உரக் கொட்டகையை ஜெபம் நடத்தக் கொடுத்தார். இன்றுவரை எந்தச் சபையோடும் நாம் சேரவில்லை, பெயர்ப்பலகையும் மாட்டவில்லை. ஒரே ஒரு கட்டளை மட்டும் கடுமையானது. இருவருக்குள் மனத்தாங்கல் இருந்தால், அது தீரும்வரை ஞாயிறு ஆராதனையில் கர்த்தர் நினைவாக யாருக்கும் அப்பம் பிட்கக் கூடாது. ஒருவர் மற்றவர் வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டால் தீர்ந்தது.

ஏழு மாதமாக நாம் அப்பம் பிட்கவில்லை. காரணம் நான்.

பதினான்கு பேர்தான் மிச்சம், டவுன் சபையோடு சேர்ந்துவிடுவோம் என்றேன். அவர் வேண்டாம் என்றார். "ஒங்க பிடிவாதத்துக்கு விசுவாசம்னு பேரு வைக்காதீங்க லா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அடுத்த ஞாயிறு அவர் எழுந்து, "எனக்கும் ராய்ஸ்டனுக்கும் மனத்தாங்கல் இருக்கு. இன்னிக்கு அப்பம் இல்ல" என்றார். மறைத்திருந்தால் யாருக்குத் தெரியும்? அவருக்கு மறைக்கத் தெரியாது. தவறு என்மேல் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவரே வந்து பேசட்டும் என்று வீம்பாக இருந்துவிட்டேன்.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு ஒருநாள் வாசல்வரை போனேன். பார்வை நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், நிம்மதியாக இருந்தது. செவ்வாய்க்கிழமை அவர் போய்விட்டார்.

நேற்று ஒருவர் என்னிடம், "இனிமே தடையில்லண்ணே, ஞாயித்துக்கிழம அப்பம் பிட்கலாம்" என்றார். கட்டளைப்படி அது சரிதான். ஆளே இல்லாதபோது மனத்தாங்கல் யாரோடு? ஆனால் இன்று காலை பார்பரா அக்கா சொன்னது வேறு. "சனிக்கெழம ஆனா ஒரு ஆளுக்கு அதிகமா சப்பாத்திக்கு மாவு பிசையச் சொல்லுவாருய்யா. ராய்ஸ்டன் வந்தாலும் வருவான்னுவாரு. ஏழு மாசமும் சொன்னாரு."

டவுன் சபையோடு சேரும் பேச்சை இனி நான் எடுக்க மாட்டேன். என் எண்ணம் மாறிவிட்டதா? இல்லை. கூடத்தைப் பெருக்குவதும் வாசிப்பதும் இனி என் வேலை. அவர் அளவுக்கு எனக்கு வராது. களைப்பாகவும் இருக்கிறது. இருந்தாலும் செய்வேன்.

பார்பரா அக்கா, இந்தச் சனிக்கிழமையும் மாவு பிசையுங்கள். நான் வருகிறேன். நான் சாப்பிட்ட பிறகு சபை அப்பம் பிட்கட்டும்.