கோந்து எடுக்காத நூல்

டீ வேண்டாம் என்று சொல்லவில்லை இன்ஸ்பெக்டர் மேடம். பேப்பர் கப் இருந்தால் அதில் ஊற்றித் தரச் சொல்லுங்கள், குடிக்கிறேன். பழக்கம்தான், வேறொன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் என் மகள் அகிலா படகிலிருந்து எனக்குப் போன் செய்தாள். பேசினோம். அதற்குப் பிறகு நான் ஏன் யாருக்கும் தகவல் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. என்ஜினிலிருந்து ஆரம்பித்தால்தான் பதில் உங்களுக்குப் புரியும்.

ஓரிக்கை போகிற ரோட்டில் என் ஷெட் இருக்கிறது. டீசல் என்ஜின் வேலை. பிறந்தது நெசவுக் குடும்பத்தில். பிள்ளையார்பாளையத்தில் என் அண்ணன் திருஞானசம்பந்தம் வீட்டில் இன்றைக்கும் தறி ஓடுகிறது. எனக்குத் தறியில் உட்காரப் பொறுமை வரவில்லை, ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டேன். நூலின் குணம் மட்டும் கையை விட்டுப் போகவில்லை.

போன ஆடி மாதம் விஷால் ஒரு குட்டியானை வண்டியில் அந்த என்ஜினை ஏற்றிக்கொண்டு வந்தான். ஷெட்டுக்குப் பின்னால் காலனியில் இருக்கிற இளங்கோவனின் மகன். அவன் தாத்தா எங்கள் பக்கத்து நிலங்களில் கூலிக்குப் போனவர். இவன் படித்து, கடற்கரையில் படகு விடுகிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே மண்ணில் கிடந்த ஒரு பழைய பாய்மரப் படகைச் சொந்தமாக வாங்கிவிட்டான். அதன் வயிற்றுக்குள் இருந்த டீசல் என்ஜின்தான் இது. வெளிநாட்டுச் சரக்கு, இரண்டு சிலிண்டர், மொத்தமும் உப்பு தின்றிருந்தது.

"ஓடுமா மாஸ்டர்?" என்று கேட்டான்.

"ஓட வெப்போம்பா" என்றேன்.

பிஸ்டன் இரண்டும் இறுகிக் கிடந்தன. டீசல் ஊற்றி ஊறவைத்து, கட்டையால் மெல்லத் தட்டித் தட்டி இறக்கினோம். தண்ணீர் ஓடுகிற வழியெல்லாம் உப்புக் கட்டி. எங்கள் வீட்டில் பித்தளைக் குடம் விளக்குகிற மாதிரி புளித்தண்ணீரை ஊற்றிக் கரைத்தேன். விஷால் சிரித்தான். முதல் தடவை அது கறுப்புப் புகை கக்கி, தடுமாறி, பிறகு தாளம் பிடித்து ஓடியபோது இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கை தட்டினோம். அந்தப் பையனை எனக்குப் பிடிக்கும் மேடம். இதை எழுதிக்கொள்ளுங்கள். சாதி பார்க்கிறவன் இல்லை நான்.

ஷெட்டில் அவனுக்கென்று ஓர் எவர்சில்வர் டம்ளர் தனி ஆணியில் மாட்டியிருக்கும். கிரீஸ் கையோடு எடுப்பான் என்பதற்காகத் தனியாக வைத்தேன். என் கையும் கிரீஸ் கைதானே என்று உங்களுக்குத் தோன்றலாம். அது வேறு.

மார்கழியில் ஒருநாள் சாமான் வாங்கப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். அகிலா ஷெட்டுக்குள் நின்றிருந்தாள். சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிற பெண், எண்ணெய் நாற்றத்துக்கு ஷெட்டுப் பக்கமே வராதவள். விஷால் குனிந்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்தான். அவள் ஆணியிலிருந்து அந்த டம்ளரை எடுத்தாள், அவன் குடித்து வைத்த மீதித் தண்ணீரை வாய் வைத்துக் குடித்தாள். அவ்வளவுதான் நடந்தது.

பயம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அவள் அம்மா போனதிலிருந்து தனி ஆளாக வளர்த்தேன். ராத்திரி இருமினால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவேன். சாயங்காலம் கேட்டேன். மறைக்கவில்லை.

"அவரத்தான்பா கட்டிக்குவேன். நீயே தானேப்பா சொல்லிக்கினு இருப்பே, அவன் தங்கமான பையன்னு" என்றாள்.

அண்ணன் காதுக்கு எப்படியோ போய்விட்டது. எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கோயிலுக்குப் பட்டு சாத்துகிற குடும்பம். உற்சவத்தில் அண்ணனுக்குப் பரிவட்டம் கட்டி மரியாதை செய்வார்கள். அவர் சத்தம்கூடப் போடவில்லை. "இது வெளிய தெரிஞ்சா நான் கோயில் படியேற முடியாதுப்பா. நம்ம தெருவுல ஆளுங்க சும்மா இருக்க மாட்டானுங்க. பொண்ண என்ன பண்ணுவானுங்கன்னு எனக்கே தெரியாது" என்றார். என் பெண்ணை என்ன செய்வார்கள் என்ற நினைப்பாகவே இருந்தது. தெருவில் பைக் நின்றால் பயம். அவள் வர நேரமானால் பயம். அவளைக் காப்பாற்ற வேண்டும், அது ஒன்றுதான் மனதில் இருந்தது. என் இடத்தில் எந்த அப்பனாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பான்.

படகில் என்ஜினிலிருந்து ஒரு தண்டு, அடிப்பலகையைத் துளைத்துக்கொண்டு கடலுக்குள் போகும். அதன் நுனியில் விசிறி. தண்டு சுற்றுகிற துளை வழியாகக் கடல் உள்ளே வராமல் இருக்க, தண்டைச் சுற்றிக் கொழுப்புத் தடவிய கயிறு திணித்து, நட்டு போட்டு இறுக்குவோம். கிளாண்டு என்பது அதைத்தான். வயல் பம்ப்செட்டிலும் உண்டு. அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சொட்டினால்தான் சூடாகாது. சொட்டே விழாமல் இறுக்கினால் பார்ப்பவனுக்கு அருமையான வேலை மாதிரி தெரியும், உள்ளே சூடு ஏறிக்கொண்டிருக்கும்.

கிளாண்டுக்குப் பட்டு நூலைவிட நல்ல கயிறு கிடையாது. ஆனால் கோந்து எடுத்த பட்டாக இருக்க வேண்டும். வேகவைக்காத பச்சை நூலில் பிறவியிலேயே ஒரு கோந்து உண்டு. சாயம் போடுவதற்கு முன் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து அதை எடுத்துவிடுவார்கள். கோந்து போனால் நூல் கால்பங்கு இளைத்துவிடும். எங்கள் தெருவில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக்கூட இது தெரியும். விஷாலுக்குத் தெரியாது.

அண்ணன் வீட்டிலிருந்து கோந்து எடுக்காத நூல் கொஞ்சம் எடுத்து வந்தேன். கயிறாக முறுக்கிக் கொழுப்பில் தோய்த்தேன். என்ஜினைப் படகில் இறக்கிய அன்று நானே போய், என் கையாலேயே திணித்து, நட்டை அளவுக்கு மேல் முடுக்கினேன். உப்புத் தண்ணீரும் சூடும் சேர்ந்தால் சில மணி நேரத்தில் கோந்து கரையும், கயிறு இளைக்கும், கடல் வழி கண்டுபிடித்துக்கொள்ளும். பிரிந்து வருகிற நூல், தண்ணீர் இறைக்கிற பம்ப்பில் போய்ச் சுற்றிக்கொள்ளும். பாய் இன்னும் தைத்து வரவில்லை, என்ஜினை விட்டால் அந்தப் படகுக்கு வேறு கதி கிடையாது.

"சொட்டே விழலையே மாஸ்டர், சூப்பர்" என்றான் விஷால். கயிற்றைத் தொட்டுப் பார்த்து, "பட்டா?" என்று கேட்டான்.

"நம்மூர் பட்டுப்பா. நின்னு உழைக்கும்" என்றேன்.

வெள்ளிக்கிழமை பாண்டிச்சேரிக்குப் பெயிண்ட் அடிக்கக் கொண்டுபோவதாகவும் தனியாகத்தான் போகப் போவதாகவும் சொன்னான். அதற்கு நடுவில் இருந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டாலே எழுந்து போய் மூடினேன். மூடின குழாயை மறுபடியும் போய் முடுக்கினேன். உடம்பு சரியில்லையாப்பா என்று அகிலா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். தோழி பிரவீனா வீட்டுக்குப் போகிறேன், சாயங்காலம் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினாள். ஒரு பெரிய பையை எடுத்துக்கொண்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவள் அன்றைக்கு விலகி இருப்பது நல்லதென்றுதான் பட்டது.

மத்தியானம் போன் வந்தது. அவள் குரலுக்குப் பின்னால் என் என்ஜின் சத்தம். எந்தக் கூட்டத்திலும் அதை எனக்கு அடையாளம் தெரியும்.

"அப்பா, திட்டாதப்பா. காலையில கோயில்ல தாலி கட்டினாரு. சாயங்காலம் வந்து ரெண்டு பேரும் உன் கால்ல விழலாம்னு இருந்தோம். இப்போ படகுல தண்ணி ஏறிக்கினே வருதுப்பா, பம்ப்பு நின்னுபோச்சு. அவரு பக்கெட்ல எடுத்து எடுத்து ஊத்திக்கினு இருக்காரு. தண்டு போற எடத்துலருந்துதான் வருது. சட்டையக் கழட்டிச் சுத்திப் பார்த்தாரு, பிச்சிக்கினு வந்துடுது. என்ஜின நிறுத்தினா கரைக்கு வர முடியாதாம். என்ன பண்றதுன்னு உன்னத்தான் கேக்கச் சொன்னாரு. சொல்லுப்பா, பயமா இருக்குதுப்பா."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது மேடம், அவளைவிட அதிகமாகவே. வாயைத் திறந்தால் என்னவெல்லாம் வெளியே வருமோ என்ற பயம். வழி சொன்னால் பிழைத்து வருவார்கள். வந்தால் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு என் வாசலில் நிற்பார்கள். தெரு பார்க்கும், அண்ணன் பார்ப்பார். அவன் கிளாண்டைப் பிரித்தால் பச்சை நூலும் தெரிந்துவிடும். இவ்வளவும் ஒரே மூச்சில் மனதில் ஓடியது. கரையில் யாருக்காவது போன் செய்திருக்கலாம். அதற்கும் அதே பயம்தான்.

"என்ன கட்டிக்கினு இருக்கேம்மா?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"அந்த மாம்பழக் கலர் பட்டுப்பா. அரக்கு பார்டர். என் கல்யாணத்துக்குன்னு பீரோவுல வெச்சிருந்தியே, அத" என்றாள். "தண்ணி முட்டிக்கு வந்துடுச்சுப்பா. சொல்லுப்பா."

"பயப்படாதம்மா. தானா நின்னுடும்" என்றேன். போனை வைத்துவிட்டேன். திரும்ப அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு நின்றது.

விஷால் நன்றாக நீந்துவான் என்று நேற்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். தனியாக இருந்திருந்தால் கரை சேர்ந்திருப்பான் என்றீர்கள். அகிலாவுக்கு நீச்சல் தெரியாது. பாலாற்றில் தண்ணீர் ஓடியதே அபூர்வம், எங்கே போய்க் கற்றுக்கொள்வாள்? மீனவர்கள் கண்டெடுத்தபோது அவன் கை அவளைப் பிடித்தபடியே இருந்ததாமே. அப்படியானால் என் நூலால் மட்டும் யாரும் சாகவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வழி ஏதாவது இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. சட்டைத் துணி தாங்காது. கோந்து எடுத்த, முறுக்கேறிய பட்டு தாங்கும். அவள் உடுத்தியிருந்ததில் முந்தானைப் பக்கம் ஒரு முழம் கிழித்து, தண்டைச் சுற்றி இறுக்கக் கட்டி, மெதுவாக ஓட்டியிருந்தால் இறைத்துக்கொண்டே கரைக்கு வந்திருப்பார்கள். அது எனக்குத் தெரியும். போனில் அவள் கேட்டபோதும் தெரிந்தது.

ஆனால் மேடம், அது அண்ணன் தறியில் ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்து மாதக்கணக்கில் நெய்த கோர்வைச் சேலை, அன்றைக்குத்தான் முதல் தடவையாக உடுத்தியிருந்தாள். அதைக் கிழிக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.