உப்பு ஊறிய கை

கை கழுவ எனக்கு ஆறு நிமிடம் ஆகும். விதிப்படி இரண்டு நிமிடம் போதும். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், சார்.

மரக்காணத்துக்கு வெளியே சாலையோரம் இருக்கும் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில், நரம்பு வழியாக ஏற்றும் மருந்துகளைக் கலந்து பையில் நிரப்புவது என் வேலை. பார்மசி படிப்பைப் பாதியில் விட்டவன் நான். அதன்பின் ஐந்து வருடம் உப்பளத்தில் உப்பு வாரினேன். அங்கே வந்த வெடிப்பு ஆள்காட்டி விரலில் ஆறாமலே இருந்தது.

ஒரு நாள் பார்மசிஸ்ட் சுலோசனா மேடம் எல்லோர் முன்னாலும் அந்த விரலைப் பிடித்துப் பார்த்தார். "இது ஆறுற வரைக்கும் உள்ள வராத தனகோடி. வெளிய ஒக்காந்து லேபிள் ஒட்டு."

லேப் சுரேஷ் விடவில்லை. "உப்புல ஊறின கை மேடம். கெட்டுப் பூடுமா இன்னா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் யோசித்தேன். கருவாடு கெடுவதில்லை. என் கை மட்டும் ஏன் கெட வேண்டும்?

மேடம் சாப்பிடப் போகும்முன், இன்னும் கலக்காத பைகளுக்கும் சேர்த்து, சரிபார்த்ததாக எல்லா லேபிளிலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மறுநாள் அவர் போனதும் கலவை அறைக்குள் நுழைந்தேன். பத்துப் பைகளைக் கையுறையோடு கலந்தேன். பதினோராவதை வெறும் விரலால்.

அது அஞ்சம்மாளுக்கு. பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். நாற்பது வருடம் உப்பளத்தில் நின்றவர். முந்தின வாரம் என் கையைப் பார்த்து, "இன்னா தம்பி, நீயும் நம்ம ஆளுதானா?" என்று சிரித்தார். அந்த உடம்பு தாங்கும் என்று நினைத்தேன்.

மாலையில் குளிர்ஜுரம் கண்டது. மூன்றாம் நாள் இறந்தார். வயதானவர். ஒருவரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதனால் அடுத்த வார்டில் இருந்த மோகனுக்குக் கலந்தேன், அவரும் உப்பளத்து ஆள், இளவயது. அவருக்கும் அப்படியே ஆனது. பிறகு ரேகா. பக்கத்துப் பிரம்மதேசம் கிராமத்துப் பெண், பிரசவமாகி நான்கு நாள். உப்பளத்தில் கால் வைக்காதவர். ஒப்பிட்டுப் பார்க்க அப்படி ஒருவரும் வேண்டியிருந்தது.

குழந்தை நன்றாக இருப்பதாகக் கேள்வி.

மேடம் தன் தவறுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டாராமே. தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம். அதைக் கேட்டுத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். அவர் கையில் குறையே இல்லை. மூன்று பையையும் கலந்தது நான்.

அவரை விட்டுவிடுங்கள், சார். வெடிப்பு ஆறிவிட்டது, பாருங்கள். என்னைத் திரும்ப உள்ளே விட வேண்டியவர் அவர்தான்.