ஆம்புலன்சின் பட்டன் டயர்கள்

டயர் வாங்கும்போது கம்பெனிப் பெயரைப் பார்த்து மயங்கக் கூடாது, இன்ஸ்பெக்டர். பக்கவாட்டுச் சுவரைப் பார்க்க வேண்டும். கூரான கல் கிழிப்பது அங்கேதான். டயரில் புடைத்து நிற்கும் பட்டன்களுக்கு நடுவே நல்ல இடைவெளியும் வேண்டும். அப்போதுதான் சேறு தானாக உதிரும். எங்கள் பந்தலூர் எஸ்டேட்டின் ஆம்புலன்ஸ் ஜீப்புக்கு அப்படிப்பட்ட டயர்களைத் தேர்ந்தெடுத்தவன், மேனேஜராகிய நான்தான். மழையில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பாதை களியாகிவிடும். தொழிலாளர் நலனில் எனக்கு எப்போதும் அக்கறை உண்டு.

மலையேறும் ஜீப்புகளுக்கான கழகத்துக்கும் நான்தான் தலைவர். ஆண்டுப் போட்டிக்கு முந்தின நாள் அந்த டயர்களைக் கழற்றி என் ஜீப்பில் மாட்டினேன். என் பழைய டயர்களை ஸ்டோரில் வைத்துப் பூட்டினேன். ஆம்புலன்ஸ் கற்களின் மேல் நின்றது. ஒருநாள்தானே.

எஸ்டேட் நர்ஸ் ஜெஸிந்தா பார்த்துக்கொண்டே நின்றார். "ஏனுங்க சார், நாளைக்கு யாரையும் முட்ட வேண்டாம்னு காட்டெருமைக்கெல்லாம் சர்க்குலர் அனுப்பிட்டீங்களா?"

சிரித்தேன். நகைச்சுவையை ரசிக்கத் தெரிந்தவன் நான்.

போட்டியில் வென்றேன். ஜீப்புகள் உழுது போட்ட புல்மேட்டில், 'இயற்கையைப் பேணுவோம்' என்ற பதாகையின் கீழ் மேடை. சிறப்பு விருந்தினர் என் ஜீப்பின் டயர்களுக்கே மாலை போட்டார். தேர்ந்தெடுத்த ரகசியத்தைச் சொல்லுங்கள் என்று மைக்கைக் கொடுத்தார். பக்கவாட்டுச் சுவரிலிருந்து தொடங்கினேன்.

அப்போதுதான் ஆம்புலன்ஸ் டிரைவர் சுரேந்திரன் மேடையோரம் ஓடி வந்தான். சட்டையெல்லாம் இரத்தம். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தேன்.

"தொரை, வெறகுக்குப் போன அம்மாவ எருமை குத்திருச்சுங்க. வவுறு கிழிஞ்சு கெடக்கு. ஸ்டோர் சாவியக் குடுங்க, பழைய டயர மாட்டிக்கிறேன். உசுரு இருக்குதுங்க தொரை."

நியாயமான கோரிக்கைதான். ஆனால் சாவி எதற்கு என்று விருந்தினர் கேட்பார். மாலை விழுந்த டயர்கள் எந்த வண்டியுடையவை என்று சொல்ல வேண்டிவரும். தலைவரின் மானம்தானே கழகத்தின் மானம்.

மைக்கிலிருந்து கையை எடுத்தேன். "பாவம், நம்ம டிரைவர்தானுங்க. லீவு நாள்னா கொஞ்சம் தண்ணி போட்டுட்டு, இப்படி எங்கயாவது விழுந்து அடிபட்டுட்டு வருவான்."

கூட்டம் சிரித்தது. கழகத்து இளைஞர்கள் இருவர் அவனைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுபோய் விட்டார்கள். அங்கே நின்று அவன் ஒவ்வொரு ஜீப்காரரிடமும் கெஞ்சியிருக்கிறான். குடிகாரனை யார் ஏற்றுவார்கள்?

அவன் அம்மா சின்னம்மையை லயத்து ஆட்கள் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். தார்ச்சாலை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் உயிர் போயிருக்கிறது.

ஜெஸிந்தா உங்களிடம் சொன்னது எல்லாம் உண்மை. சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது; அவன் பேசும்போது தொட்டும் பார்த்துக்கொண்டேன். அவன் குடிக்கிறவன் அல்ல என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் பேச்சைப் பாதியில் விட்டு இறங்கினால் வந்திருந்தவர்களை அவமதித்ததாகிவிடாதா? முழுவதும் பேசி, நன்றி சொல்லித்தான் இறங்கினேன்.

சின்னம்மையைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மேடை நாகரிகம் தெரியாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.