ஷோபா பேர்ல ஒரு டோக்கன்

— அழிக்கவே முடியாதா? இன்னொரு வாட்டி சொல்லு சுனிலு, சரியா கேக்கல.

— முடியாது ஷோபா. காலையிலேர்ந்து முட்டிக்கினு இருக்கறேன். நிஜங்கா முடியாது.

— திருப்பதிக்குப் போயி நீ கம்ப்யூட்டர் கத்துக்கினது இதுக்குத்தானா? மொதல்லேர்ந்து சொல்லு. யாரு கேட்டாலும் புரியற மாதிரி சொல்லு.

— என்எஃப்டின்னா ஒரு படத்துக்குப் பட்டா போடற மாதிரி. இன்ன படம், இன்னாருக்குச் சொந்தம்னு பிளாக்செயின்ன்ற பொது ரெஜிஸ்டர்ல பதிஞ்சிடும். நாம ஒக்காந்து எழுத வேணாம், அதுக்கு ஏபிஐன்னு ஒண்ணு இருக்குது. படம், விவரம், யாருக்குப் போவணும்ன்ற அட்ரஸ் எல்லாத்தயும் கட்டளையா அனுப்பினா அதுவே டோக்கன் போட்டுக் குடுத்துடும். இன்னிக்கி ஆளுக்கு ஒண்ணு போடுங்கன்னு எங்க சாரு சொன்னாரு.

— அதுக்கு வேற படமே கெடைக்கலயா உனக்கு?

— மொத வேலைய சாமி பேர்ல ஆரம்பிக்கலாம்னுதான்! அலிபிரியில படிக்கெல்லாம் மஞ்சா குங்குமம் வச்சிக்கினே ஏறினமே, அந்தப் படி மட்டும் இருக்கற படத்தத்தான் எடுத்தேன். எடுத்தேன்னு நெனச்சேன். அதுக்கு அடுத்த படம் ஏறிப்போச்சி.

— அடுத்த படத்துல இன்னா இருக்குது?

— தெரியாத மாதிரி கேக்கற பாரு.

— நீ சொல்லேன், சத்தமா.

— படிக்கி வச்சது போவ விரல்ல மிச்சம் இருந்த குங்குமத்த உன் வகுட்டுல வக்கிறேன். நீ சிரிச்சிக்கினு நிக்கற. நம்மகூட ஏறின பாபு எடுத்தது.

— வெளயாட்டுக்கு வச்சியா?

— சீ, ஏழுமலையான் படியில நின்னுக்கினு எவனாவது வெளயாடுவானா? மனசார வச்சேன்.

— பழகறதுக்குன்னு தனியா ஒண்ணு இருக்குது, தப்புப் பண்ணாலும் பரவாயில்லன்னு அன்னிக்கிச் சொன்னியே?

— டெஸ்ட்நெட்டு. அத மாத்தாம, நெஜ நெட்வொர்க்குலயே உட்டுட்டேன். யாரு வேணா பாக்கலாம். விவரத்துல வேற நம்ம ரெண்டு பேர் பேரும் இருக்குது.

— இப்ப யாருகிட்ட இருக்குது அது?

— உன்கிட்டதான். போட்டத இன்னொருத்தருக்கு மாத்திக் காட்டணும்னாரு சாரு. போன மாசம் இந்த மாதிரி டோக்கன வச்சிக்க உன் போன்ல வாலெட் போட்டுக் குடுத்தேனே, அதுக்கு அனுப்பிட்டேன்.

— என்ன ஒரு வார்த்த கேக்காமயா?

— அட்ரஸ் தெரிஞ்சா போதும் ஷோபா. கேக்காமலே வந்து ஒக்காந்துக்கும்.

— நான் வேணான்னு தள்ளிட்டா?

— யாருக்கும் சொந்தமில்லாத அட்ரஸ்க்குத் தள்ளலாம். ஆனா சுனிலு குடுத்தான், ஷோபாகிட்ட இருந்துச்சின்றது அப்படியேதான் இருக்கும். கலெக்டரே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. அது கெடக்கட்டும், அவங்க வந்துட்டாங்களா?

— சத்தியவேட்டுலேர்ந்து காரு வந்து, காபி கூட குடிச்சாச்சி. பையன் ஸ்ரீ சிட்டியில ஒரு கம்பெனியில சூபர்வைசராம். புடிச்சிருந்தா இன்னிக்கே தாம்பூலத் தட்ட மாத்திக்கலாம்ன்றாங்க.

— அய்யோ ராமா! இத அவங்க பாத்துட்டா உன் பேரு இன்னாவறது? ஒரு வாய் துன்னல நானு. ரூமுக்கும் மாடிக்கும் நடந்துக்கினே இருக்கறேன். இப்பவே பஸ் ஏறி வரதய்யபாளையம் வந்துடட்டா?

— நீ வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். எங்க நைனாகிட்ட எப்பதான் பேசுவ?

— பேசறேன், பேசறேன். நாளைக்கி...

— ரெண்டு வருசமா இதே நாளைக்கிதான்.

— உங்க நைனா மீசையப் பாத்தாலே எனக்கு வாய் கட்டிக்குது, நான் இன்னா பண்ணட்டும்? அதுக்காவ உன்ன உட்டுட்டு இருக்க முடியுமா என்னால?

— கேக்கல. நல்லா சொல்லு.

— ஷோபாவ உட்டுட்டு என்னால இருக்க முடியாதுன்றேன்! போதுமா? ஏன் சும்மா சும்மா சத்தமா சொல்லு, சத்தமா சொல்லுன்ற? எங்க இருந்து பேசற நீ?

— கூடத்துலதான். போனு ஸ்பீக்கர்ல இருக்குது, தட்டு இன்னும் மாத்தல. நைனா எதிர்ல ஒக்காந்துக்கினு இருக்காரு, பேசு.