கதவில் பழுது எதுவும் இல்லை

கார் ஷெட் கதவுக்கு வருஷத்தில் இரண்டு தடவையாவது எண்ணெய் போட வேண்டும். எங்கள் தெருவில் அதை ஒழுங்காகச் செய்கிறவன் நான் ஒருவன்தான். மற்ற வீடுகளில் கதவு கிறீச்சிட்டால் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள்.

உட்காருங்கள் மேடம். நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். குளிர்பானத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் இயந்திரங்களைக் கட்டி மேய்த்தவன் நான். ஓடுகிற பெல்ட் ஒன்று நின்றுபோனால் எங்கே ஆரம்பித்தது, எப்படி நின்றது என்று வரிசையாகச் சொல்லித்தான் பழக்கம். நடுவில் குறுக்கிட்டால் கோர்வை விட்டுப்போகும்.

எனக்கு ஒரே மகள். வயது முப்பத்து நாலு, பல் டாக்டர். அவள் அம்மா போய் ஆறு வருஷமாகிறது. அதன் பிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவள் சட்டைக்கு இஸ்திரி போடுவதிலிருந்து கார் டயரில் காற்றுப் பார்ப்பதுவரை எல்லாம் நான்தான். கடைவாய்ப் பல்லை வலிக்காமல் பிடுங்குவாள் என்று அவளைத் தேடி எங்கெங்கிருந்தோ வருவார்கள். வீட்டில் ஒரு பல்பு மாற்றத் தெரியாது. நான் கற்றுக்கொடுக்கவில்லை. நான் இருக்கும்போது அவளுக்கு அது எதற்கு?

போன வருஷக் கடைசியில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"அப்பா, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்காங்க. இங்கேர்ந்து கார்ல எட்டு மணி நேரம். கிடைச்சா போயிடுவேன்."

போயிடுவேன் என்றாள். போகட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"அப்ப நான்?" என்றேன்.

"உங்களுக்கு யாரும் தேவையில்லைன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

பேச்சுக்குச் சொன்னதையெல்லாம் பத்திரமாக எடுத்து வைத்திருந்து முகத்தில் அடித்தாற்போல் திருப்பிக் கொடுப்பாள். அவள் அம்மா புத்தி. நான் எழுந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டேன். சண்டை போடவில்லை. சண்டை போடுவது என் வழக்கமில்லை.

இன்டர்வியூவை இங்கேயே ஒரு ஹோட்டலில் வைத்திருந்தார்கள். அன்று காலை ரிமோட்டை அழுத்தினால் கதவு ஒரு சாண் எழும்பி நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினாள், மறுபடி ஒரு சாண். நான் வந்து பார்த்தேன். ரிமோட்டின் பேட்டரியை மாற்றினேன். மோட்டார் இணைப்பைக் கழற்றி மாட்டினேன். ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கினேன். வேலையை அவசரப்பட்டுச் செய்யக்கூடாது. அவள் கடிகாரத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தாள். கடைசியில் தெருமுனைவரை ஓடி டாக்சி பிடித்தாள். போய்ச் சேர்வதற்குள் அவர்கள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கதவின் சக்கரங்கள் ஓடுகிற இரும்புத் தடத்தில் ஒரு நட்டு இருந்தது. சுண்டுவிரல் நகம் அளவுதான். முந்தின நாள் நான்தான் வைத்தேன். தப்பாக நினைக்காதீர்கள், யோசிக்க அவளுக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கட்டும் என்றுதான்.

அவர்கள் இன்னொரு தேதி கொடுத்தார்கள். அன்றும் நட்டை வைத்தேன். ஆனால் இந்தத் தடவை கதவை அவள் தொடவே இல்லை. முன்கூட்டியே டாக்சிக்குச் சொல்லி வைத்து, வாசல் வழியாக இறங்கிப் போய் வேலையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். சாயங்காலம் கதவு ரிப்பேர்காரர் ஒருவரையும் கையோடு கூட்டி வந்தாள். என் வீட்டுக் கதவைப் பார்க்க வெளியாள்.

அந்த மனுஷர் ஏணியில் ஏறி, தடத்தை விரலால் தடவி, நட்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இது தானா வந்து இங்க உக்காராதும்மா. யாரோ வச்சிருக்காங்க."

நான் பக்கத்தில்தான் நின்றேன். "பழைய கதவு, எங்கேயாவது கழண்டு விழுந்திருக்கும்," என்றேன்.

"இந்தக் கதவுல இந்த அளவு நட்டே கிடையாது சார்," என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புக்கு ஒருநாள் பதில் சொல்லலாம் என்று மனசுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன்.

போகும்போது மோட்டாரிலிருந்து தொங்குகிற சிவப்புக் கயிற்றை அவளுக்குக் காட்டிக்கொடுத்தார். கரண்ட் இல்லாவிட்டால் அதை இழுத்தால் கதவு மோட்டாரிலிருந்து விடுபடும், கையாலேயே தூக்கலாம். கதவு முழுக்க மூடியிருக்கும்போது மட்டும் இழுங்கள் என்று இரண்டு தடவை சொன்னார். அவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினாள்.

அவர் போன பிறகு என்னிடம், "இனிமே நீங்க ஷெட்டுப் பக்கம் போகாதீங்கப்பா," என்றாள். என் கையால் சிமெண்ட் பூசின தரை அது. நான் சரி என்றேன்.

வேலையில் சேரக் கிளம்பும் நாளுக்கு முந்தின நாள், அவள் கிளினிக்கில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வர ஆட்டோவில் போயிருந்தாள். கார் ஷெட்டிலேயே நின்றது. நான் ஷெட்டுக்குப் போனேன். கதவுக்கு மேலே குறுக்காக ஒரு பெரிய ஸ்பிரிங் இருக்கிறதே, கதவின் பாரத்தையெல்லாம் அதுதான் தாங்குகிறது. அதன் முறுக்கை அரைவாசிக்கு மேல் தளர்த்தினேன். தெரியாதவன் தொட்டால் மணிக்கட்டு போய்விடும். எனக்கு இருபது நிமிஷ வேலை. அப்படிச் செய்தால் மோட்டார் மூச்சு முட்டக் கதவை இடுப்பளவு தூக்கும், பிறகு நின்றுவிடும். மோட்டார் பிடித்திருக்கும்வரை கதவு அப்படியே நிற்கும். விட்டால் அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஏழு மணி. பெட்டிகளையெல்லாம் காரில் ஏற்றிவிட்டாள். நான் அவளுக்கு வழிச்சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தேன். கதவு இடுப்பளவில் நின்றது. அவள் கயிற்றை இழுத்தாள். கதவு விழுந்தது. அவள் கை அடியில் இருந்தது.

நான் ஓடிப்போய் ஜாக்கியை வைத்துத் தூக்கினேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கையைத் துணியில் சுற்றி, உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் தலையை மடியில் வைத்திருந்தேன். வந்தவர்களே சொன்னார்கள், பெரியவர் பதறாமல் பார்த்துக்கொண்டார் என்று. வலது கையில் நடுவில் மூன்று விரல் போயிற்று. கட்டைவிரலும் சுண்டுவிரலும் தப்பின.

ஜாக்கி காரின் டிக்கியில் பெட்டிகளுக்கு அடியில் இருக்க வேண்டியதுதானே, வெளியே எப்படி வந்தது என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. முந்தின நாளே எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டேன். கதவு விழுந்தால் தூக்க வேண்டாமா? பெற்ற பிள்ளையின் கை அடியில் கிடக்கும்போது டிக்கியைக் குடைந்துகொண்டிருக்க முடியுமா? நான் அவள் அப்பா.

அது அவள் எழுதிக் கொடுத்த புகாரா? கொடுங்கள், பார்க்கிறேன். இடது கையால் எழுதியிருக்கிறாள். வரி மேலும் கீழுமாகப் போகிறது. நான் பக்கத்தில் இருந்திருந்தால் கோடு போட்டுக் கொடுத்திருப்பேன்.

ஆமாம். அவள் எழுதியிருப்பது உண்மைதான். ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை. கதவு நின்றதும் என்னைக் கூப்பிட்டாள். சமையலறையிலிருந்து ஷெட்டுக்குப் போகும் வாசற்படியில் வந்து நின்றேன்.

"அப்பா, பாதியில நின்னுடுச்சு. கயித்த இழுக்கலாமா? மூடியிருக்கறப்பதான் இழுக்கணும்னு அவர் சொன்னாரே."

நட்டு விஷயம் தெரிந்த பிறகு என்னோடு சரியாகப் பேசாதவள். நான் போட்டுக் கொடுத்த காப்பியைக்கூட முகர்ந்து பார்த்துக் குடித்தவள். ஆனாலும் ஒரு இயந்திரத்தைப் பற்றி நான் சொன்னால் அவள் நம்புவாள். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். அதை நான் அறிவேன்.

"அவனுக்கு என்ன தெரியும். கதவோட அடிய ஒரு கையால தாங்கிப் பிடிச்சுக்கிட்டு இழு," என்றேன்.

"எந்தக் கையால?"

"வலது கையால," என்றேன்.

நன்றாக யோசித்துத்தான் சொன்னேன். வலது கைதான் அவளுக்கு பலம். பல் பிடுங்குகிற கை. கூப்பிடுகிற ஆஸ்பத்திரிக்கெல்லாம் வேண்டியதும் அந்தக் கைதான். மற்றபடி அவளுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். கால் விரலைப் பின்னால் தள்ளி வைத்துக்கொள் என்றுகூடச் சொன்னேன். அதை அவள் எழுதவில்லை. நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்ன சொல்கிறீர்கள்? நேற்றே போய்விட்டாளா? அங்கே மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் வேலை கொடுத்தார்களா? கிளினிக் நர்ஸ் காரை ஓட்டிக்கொண்டு கூடப் போனாளா?

கொடுப்பார்கள். பரிதாபப்பட்டு ஒரு மாதம், இரண்டு மாதம் வைத்துக்கொள்வார்கள். தலைக்கு எண்ணெய் வைத்துவிட அங்கே யார் இருக்கிறார்கள்? சட்டைப் பொத்தான் போட்டுவிட யார் இருக்கிறார்கள்? அலுத்துப்போய் வந்துவிடுவாள். நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஒன்றை மட்டும் முடிந்தால் அவளுக்குச் சொல்லிவிடுங்கள். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் முதல் வேலையாக அந்த ஸ்பிரிங்கைப் பழையபடி முறுக்கி வைத்துவிட்டேன். இப்போது அந்தக் கதவை யாரும் இழுக்க வேண்டியதில்லை, தூக்கவும் பலம் வேண்டாம். இரண்டு விரல் இருந்தாலே போதும்.